வெள்ளைச் சுவரில் வெள்ளை இலை

"பிள்ளை, இது நேற்று இதிலை இருக்கேல்லை."

மாமி நடையில் நின்றபடி சொன்னார். வலது கை, இடுப்புக்குச் சற்று மேலே, சுவரில் விரிந்திருந்தது. காகம்கூடக் கத்தாத நடுப்பகல். வீட்டில் மாமியும் நானும் மட்டும்.

குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நான் எழும்பி வந்து பார்த்தேன்.

"எது மாமி?"

"இலை."

"வெறும் சுவர்தானே மாமி."

"நீ கண்ணாலை பாக்கிறாய். கையை வை."

கையைச் சீலையில் துடைத்துவிட்டு வைத்துப் பார்த்தேன். சாந்து பூசிய எந்தச் சுவரிலும் இருக்கிற பொருக்குகள்தான் பட்டன. அதைச் சொன்னேன். மாமி சிரித்தார். பல மாதங்களாக அவர் சிரித்து நான் கண்டதில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

"தவம் வந்திட்டுப் போயிருக்கிறான்," என்றார்.

தவம் அவருடைய இளைய மகன். கடலுக்குப் போய்த் திரும்பாதவன்.

எலும்புக்கு நடுவில் ஒரு இலை

இந்தத் தொடரில் மாமியின் பெயரைப் பல இடங்களில் தொட்டிருக்கிறேன். அவருக்குக் கண் தெரியாது என்பதை மட்டும் இதுவரை எழுதவில்லை. எழுதினால் இந்தக் கதையையும் எழுதவேண்டி வரும்.

நான் கொழும்புத்துறையில் பிறந்தவள். பருத்தித்துறைக்குக் கிட்டவுள்ள ஒரு கரையூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனேன். அறுபதுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர், என் வீட்டுக்காரர், கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சர். தம்பி தவம் வள்ளங்களுக்குப் பெயின்ற் அடிப்பான், ஆள் குறைந்தால் வள்ளத்திலும் போவான். தகப்பன் இல்லை. வீட்டுக்குப் பின்னால், கோடிப்பக்கத்தில், ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் கடல்.

நான் போன வருடமே மாமியின் பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. கண்ணுக்குள் அமுக்கம் கூடிவிட்டது, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கையை விரித்தார்கள். பழகிய வீட்டுக்குள்ளேயே மாமி கதவு நிலைகளில் நெற்றியை மோதிக்கொண்டார். குசினிப் படியில் விழுந்து முழங்கால் வீங்கியது. யாராவது கையைப் பிடித்தால் உதறிவிடுவார்.

அந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் சுவரில் பூ அடிப்பது ஒரு மோகம். சுவரின் கீழ்ப்பாதிக்கு ஒரு நிறம், மேற்பாதிக்கு ஒரு நிறம், இரண்டும் சேரும் இடத்தில் வரிசையாகப் பூவோ கிளியோ கொடியோ. மட்டையிலோ தகரத்திலோ உருவத்தை வெட்டி, அதைச் சுவரோடு பிடித்துக்கொண்டு, துணிப் பந்தைப் பெயின்றில் தோய்த்து ஒத்துவார்கள். எடுத்தால் பூ சுவரில் நிற்கும். பெயின்ற்காரர் ஸ்ரென்சில் என்பார்கள். எங்கள் வீட்டில் 'தகடு' என்றுதான் பேச்சு.

தவம் ஒரு நாள் அலுமாரிக்கு மேலிருந்து மாமியின் பழைய எக்ஸ்ரே படத்தை எடுத்தான். முன்பு நீண்ட நாள் இருமலுக்கு நெஞ்சில் எடுத்த படம். யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, விலா எலும்புகளுக்கு நடுவில் சவர பிளேட்டால் ஒரு இலை வெட்டினான்.

"உதை ஏன் பழுதாக்கிறாய்?" என்று கேட்டேன்.

"மட்டை ஊறிப்போம் மச்சாள். இது ஊறாது."

வள்ளத்துக்கு அடிக்கிற தடித்த பச்சைப் பெயின்ற். ஒரே இலையின் மேல், காயக் காய, திரும்பத் திரும்ப ஒத்தினான். இலை சுவரிலிருந்து எழும்பி நின்றது. மாமியின் கட்டிலிலிருந்து மண்டபத்தைச் சுற்றிக் குசினி வரைக்கும், அவர் கை தொங்கும் உயரத்தில், இலை இலையாகப் போட்டான். எல்லா இலையின் நுனியும் குசினியைப் பார்த்திருக்கும். படி வருகிற இடத்தில் மட்டும் ஒரு மீன்.

"மீன் வந்தால் காலைத் தூக்குங்கோ, அம்மா."

மாமி ஒரு கிழமைக்குள் பழகிவிட்டார். விரல் நுனியை இலைகளின் மேல் ஓடவிட்டபடி வீட்டுக்குள் நடப்பார். பார்க்கிறவர்களுக்கு அவர் சுவரோடு ஏதோ கதைத்துக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

பாதியில் நின்ற கொடி

இதை எழுதும்போது வேறொரு சுவர் ஞாபகத்துக்கு வருகிறது. சின்ன வயதில் ஐயாவோடு, என் தகப்பனோடு, குருநகரில் ஒரு வீட்டுக்குப் போவேன். ஐயாவுக்கு வலை விற்கிறவருடைய வீடு. மண்டபத்தில் மாதா படம், மெழுகுதிரி மணம், சுவரைச் சுற்றி முந்திரிகைக் கொடி அடித்திருந்தது. ஊதா நிறத் திராட்சைக் குலைகள். எச்சில் ஊறும்.

அந்தக் கொடி மூன்று சுவர்களைச் சுற்றி வந்து, நான்காவது சுவரின் நடுவில் நின்றுவிட்டிருந்தது. ஒரு குலையில் பாதிதான் இருந்தது.

பெயின்ற்காரர் அந்த இடத்தில் ஒத்திக்கொண்டிருந்தபோது, காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த வீட்டு மகள் முடிந்துபோனாள் என்று செய்தி வந்ததாம். அவர் தகடுகளைச் சுருட்டிக்கொண்டு போனவர், பிறகு வரவில்லை. வீட்டாரும் கூப்பிடவில்லை. மிச்சச் சுவரில் ஒரு கலண்டர்கூட மாட்டவில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அந்தப் பக்கம் முதுகைக் கொடுத்து இருக்கமாட்டார்கள். எனக்கு அந்த இடத்தைப் பார்க்கப் பயம், பார்க்காமல் இருக்கவும் முடியாது.

சுவரில் போட்ட வரிசை எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது என்ற எண்ணம் அன்றுதான் எனக்குள் விழுந்திருக்க வேண்டும்.

வெள்ளை அடித்தது

தவம் வாடைக் காற்று தொடங்க முன்னம் ஒரு வள்ளத்தில் அக்கரைக்கு, இந்தியப் பக்கம், போனான். என்ன ஏற்றினார்கள், ஏன் போனார்கள் என்பதெல்லாம் அந்தக் கரையில் யாரும் கேட்கிற கேள்வி அல்ல. போன வள்ளம் திரும்பவில்லை. காற்று முடிந்தது, கடல் அடங்கியது, ஒரு பலகைத்துண்டுகூட வரவில்லை.

மாமி அழவில்லை. சாப்பாட்டைத்தான் குறைத்தார். பொழுது விடிந்தால் ஒரே கேள்வி: "வந்திட்டானோ?" இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்விடுவார். தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து இருப்பதையே நிறுத்திவிட்டார்.

பிறகு ஒரு நாள் வெள்ளைப் பெயின்ற் வாளியோடு வந்தார். சுண்ணாம்பு அந்தப் பச்சையில் பிடிக்காது என்று பெயின்ற் வாங்கியிருந்தார். வீடு முழுவதும் தன் கையாலேயே அடித்தார். இலைகளுக்கும் மேலால் அடித்தார்.

"அதை ஏன் மறைக்கிறீங்கள்?" என்றேன்.

"ஒவ்வொரு நாளும் என்னாலை பாக்கேலாது," என்றார். "அம்மாவுக்கென்ன, கைக்குத் தெரியும்தானே."

தெரிந்தது. வெள்ளைக்குள் இலை புடைத்தபடியேதான் இருந்தது. எங்கள் கண்களுக்கு மட்டும் இல்லாமற்போனது.

இது நடந்து இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகுதான், நான் தொடக்கத்தில் எழுதிய அந்த நடுப்பகல். மூத்தவள் அப்போது என் வயிற்றில்.

நடையில் கதைத்தது

மாமி கைவைத்துக் காட்டிய அந்த நடை, மண்டபத்திலிருந்து கோடிப்பக்கக் கதவுக்குப் போகிற ஒடுக்கமான பாதை. யன்னல் இல்லை. நெல்லு மூட்டைகளும் பழைய வலையும் கிடக்கும். மாமிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லாததால் தவம் அதில் இலை போடவே இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவன் பெயின்ற் அடித்தபோது லாம்பு பிடித்துக்கொண்டு நின்றவளே நான்தான்.

ஆனால் மாமி தினமும் மத்தியானம் நித்திரையால் எழும்பி அங்கே போகத் தொடங்கினார். சில நாட்களில் முகம் மலர்ந்து திரும்புவார். "இண்டைக்கும் ஒண்டு போட்டிருக்கிறான்," என்பார். அன்றைக்குச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

அதுவரைக்கும் பரவாயில்லை. பிறகு கதைக்கத் தொடங்கினார்.

"ஓம்... ஓம், சாப்பிட்டனான்." ஒரு இடைவெளி. "அது கொண்ணையிட்டைக் கேள்." கொண்ணை என்றால் உன் அண்ணன், இவர். இன்னொரு இடைவெளி. "ஏன்ரா, குளிருதோ?"

குசினியில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். புத்தி பேதலித்து விசரில் கதைக்கிறவர்கள் ஓயாமல் கதைப்பார்கள். மாமி அப்படிக் கதைக்கவில்லை. மற்ற ஆள் பதில் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் வேண்டுமோ, அவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டார். சில வேளை, சொன்னது விளங்காததுபோல, "என்ன?" என்று திருப்பிக் கேட்டார்.

அடுத்த வளவில் இருந்த பொன்னம்மா அக்கா ஒரு நாள் வேலியால் எட்டிக் கேட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"பிள்ளைத்தாச்சி நீ. உந்த வீட்டிலை இருக்காதை. தாய் வீட்டை போ."

"மாமியை ஆர் பாக்கிறது அக்கா?"

"அவவைப் பாக்க ஆள் வருதெல்லே," என்றார். சிரிக்கப் பகிடியாய்ச் சொல்லவில்லை.

இவரிடம் சொன்னேன். சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "நீர் விசர்க் கதை கதையாதையும்," என்றார். அவர் கையிலிருந்து மண்ணெண்ணெய் மணந்தது. சங்கக்கடையில் மண்ணெண்ணெய் அளக்கிறவருடைய கை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

லாம்பு வெளிச்சம்

ஒரு மழைப் பகல். இவர் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பியிருந்தார். மாமி கட்டிலில். நடையில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. நெல்லு நனையப்போகிறதே என்று அரிக்கன் லாம்பைக் கொளுத்திக்கொண்டு போனேன்.

வயிற்றுப் பாரத்தோடு குனிய முடியாமல், லாம்பை ஒரு மூட்டையின் மேல், சுவரோடு சேர்த்து வைத்தேன். வெளிச்சம் சுவரில் நேராக விழாமல் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு ஓடியது.

இலைகள்.

வெள்ளைச் சுவரில் வெள்ளை இலைகள், ஒவ்வொன்றும் தன் நிழலோடு, ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி நின்றன. நடையின் தொடக்கத்திலிருந்து கோடிக் கதவு நிலை வரைக்கும். எல்லா நுனியும் கதவைப் பார்த்தபடி.

லாம்பைத் தூக்கினேன். சுவர் வெறும் சுவராகிவிட்டது. திரும்ப வைத்தேன். திரும்ப வந்தன. கடைசி இலையை, கதவு நிலையோடு ஒட்டியிருந்ததை, ஒரு விரலால் தொட்டேன். மெத்தென்று இருந்தது. விரலில் வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தது.

இன்னும் காயவில்லை.

நான் ஓடவில்லை. ஓடினால் பின்னால் ஏதாவது வரும் என்று பட்டது. சுவரைப் பார்த்தபடியே பின்னுக்குப் பின்னுக்கு நடந்து மண்டபத்துக்கு வந்தேன். மாமி கட்டிலில் எழும்பி இருந்தார்.

"கதவடிக்கு வந்திட்டான், என்ன?" என்று கேட்டார்.

கடலுக்குள் ஒரு கை

அன்றைக்கு இவரிடம் மறுபடி சொன்னேன். விரலைக் காட்டினேன். இவர் எழும்பிப் போய்க் கோடிக் கதவுக்குக் கொளுக்கி போட்டார். அதற்குப் பிறகு மாமி புது இலை கிடைத்ததாகச் சொல்லவில்லை. நடையில் நின்று கதைப்பது மட்டும் கூடிவிட்டது.

மழை விட்ட ஒரு பகலில் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துவிட்டு வந்தேன். கட்டில் வெறுமையாக இருந்தது. நடையில் வெளிச்சம். கோடிக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

வேலிப் படலையும் திறந்திருந்தது. மணலில் மாமியின் கால் தடம் வளையாமல் நேரே போயிருந்தது.

மாமி கடலுக்குள் நின்றார். இடுப்புக்கு மேல் தண்ணீர். அலை இல்லை, எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது கடல். அவர் நடந்துகொண்டிருந்தார். வலது கையைப் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மெல்ல மெல்ல முன்னுக்கு நகர்த்தியபடி. வீட்டுக்குள் நடப்பதுபோலவே. அந்தக் கைக்குப் பக்கத்தில் சுவர் இல்லை. தண்ணீருக்கு மேல் வெறும் காற்று. விரல்கள் அதில் ஒவ்வொன்றாக எதையோ தொட்டுத் தொட்டுப் போய்க்கொண்டிருந்தன.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கிட்டப் போய் அந்தக் கையைப் பிடித்தேன். வழக்கம்போல உதறுவார் என்று நினைத்தேன். உதறவில்லை.

"விடு பிள்ளை, இன்னும் கிடக்குது," என்றார். குரலில் பதற்றமே இல்லை.

பொன்னம்மா அக்கா கண்டுவிட்டுக் கத்திக் குளறி, வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் ஓடிவந்து, எங்கள் இருவரையும் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

இவர் சொன்னது

சங்கக்கடைக்கு ஆள் போய், இவர் சைக்கிளை முற்றத்தில் போட்டுவிட்டு வந்தார். தாய் தலை துவட்டி, கம்பளியால் மூடிக் கட்டிலில் இருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். அந்தக் கை எப்படிப் போனது என்று காட்டினேன்.

இவர் நிலத்தில் குந்திவிட்டார்.

பிறகு எழும்பிப் போய், நடையில் வலைக்குக் கீழே கையை விட்டு ஒன்றை இழுத்து எடுத்தார். அந்த எக்ஸ்ரே படம். விலா எலும்புகளுக்கு நடுவில் இலை. இலையின் ஓரத்தில் பழைய பச்சை, அதன் மேல் புது வெள்ளை.

"நான்தான்," என்றார்.

தவத்தைப் பற்றிய செய்தி, வெள்ளை அடிப்பதற்கு முன்னமே இவருக்குக் கிடைத்திருந்தது. அக்கரையில் ஒரு மீன்பிடிக் குப்பத்தில் கரையொதுங்கிய உடலை அந்த ஊரவர்கள் புதைத்திருக்கிறார்கள். முன்கையில், தவத்துக்கு இருந்ததுபோலவே, பச்சை குத்திய வேல் இருந்ததாம். அந்தப் பக்கமிருந்து வந்த வள்ளக்காரர் ஒருவர் கடைக்கு வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார். தாயிடம் சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

"அம்மா சாப்பிடாமல் கிடந்தா. ஒரு நாள் மூட்டை எடுக்கப் போக, உது கையிலை தட்டுப்பட்டுது. மிச்சப் பெயின்றும் கிடந்தது. ஏன் செய்தனெண்டு கேட்டால் எனக்குத் தெரியாது. ஒண்டு ஒத்தினன். அண்டைக்கு அம்மா சிரிச்சவ, சாப்பிட்டவ. பிறகு நிப்பாட்டேலாமல் போச்சு."

சாப்பிட வருகிற மத்தியானங்களில், மாமி கண்ணயர்ந்திருக்க, நான் குசினியிலோ கிணற்றடியிலோ நிற்க, நடைக்குள் போய் ஒத்தியிருக்கிறார். கையை மண்ணெண்ணெயில் கழுவியிருக்கிறார். மற்ற நாட்களில் மாமி எழும்ப முன்னம் அது கையில் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருக்கும்; அந்த மழைப் பகலில்தான் காயவில்லை.

"ஏன் கடல் பக்கமாய்க் கொண்டுபோனீங்கள்?"

"சுவர் அந்தப் பக்கம்தானே கிடந்தது," என்றார். அதற்குப் பிறகு அழுதார்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் அவரை மறந்தே போனோம்.

"தம்பி, இஞ்சை வா," என்றார். இவர் போய்க் கட்டிலில் இருந்தார், பல மாதங்களுக்குப் பிறகு.

"புதைச்சவையோ, எரிச்சவையோ?"

"புதைச்சவை, அம்மா."

"கரையிலையோ, உள்ளுக்கோ?"

"உள்ளுக்குத்தானாம். பனையடியிலை."

மாமி தலையை ஆட்டினார். கம்பளியை இழுத்து மூடிக்கொண்டார். பிறகு கேட்டார்:

"அப்ப நடைக்குள்ளை நீ ஏன் என்னோடை அவன்ரை குரலிலை கதைச்சனி?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"நான் ஒரு நாளும் கதைக்கேல்லை, அம்மா," என்றார். "நீங்கள் எழும்ப முன்னம் நான் கடைக்குப் போயிடுவன்."

நடைக்குள் கோடிக் கதவு காற்றில் ஒரு தடவை அடித்துக்கொண்டது.

கதவு

உடல் இல்லாத சாவுக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் செய்வார்கள். அப்படிச் செய்தோம். கீரிமலைக்குப் போய்ச் சாம்பலைக் கடலில் கரைத்தோம். மாமி அப்போதுதான் அழுதார். நல்லாக அழுதார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் உளியை எடுத்துக்கொண்டு நடைச் சுவரைச் சுரண்டப் போனார். மாமி தடுத்தார்.

"அது உன்ரை கை. கிடக்கட்டும்," என்றார். "அந்தக் கதவைக் கட்டு."

கோடிக் கதவைக் கழற்றிவிட்டு வாசலைக் கல்லால் அடைக்கச் சொன்னார். அடுத்த கிழமை மேசன் வந்தான். கதவைக் கழற்றி வைத்தான். கல்லும் சாந்தும் தயாராக இருந்தன. வாசலுக்கு அந்தப் பக்கம் வெயில், வேலி, வேலி இடுக்கால் கடல்.

"பொறு, தம்பி," என்றார் மாமி.

சுவரோடு சுவராக, விரலால் இலைகளைத் தடவியபடி வந்து கடைசி இலையில் நின்றார். வாசலுக்கு வெளியே முகத்தைக் கொடுத்தார். நாங்கள் நிற்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை.

"ஓம், எல்லாரும் நிக்கினம்," என்றார். பொறுத்தார். "கொண்ணையும் நிக்கிறான்." மறுபடி பொறுத்தார், இம்முறை நெடுநேரம். மேசன் கரண்டியைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றான். வெளியே வெயிலைத் தவிர ஒன்றும் இல்லை. ஆனால் இவரும் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றார். இதை நான் என் கண்ணால் கண்டேன். எதைக் கேட்டார் என்று கடைசிவரை இவர் சொல்லவுமில்லை, நான் கேட்கவுமில்லை.

எங்கள் பக்கத்தில் யாரையும் வெறும் 'போ' என்று சொல்லி அனுப்புவதில்லை. 'போயிட்டு வா' என்பதுதான் வழக்கம். மாமி சொன்னார்:

"இனி வா எண்டு சொல்லமாட்டன். போ, ராசா."

பிறகு சுவரை விட்டுக் கையை எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"கட்டு, தம்பி," என்றார் மேசனிடம்.

முதல் கல்லைத் தூக்கிக் கொடுத்தவர் இவர்தான்.